நூற்றாண்டு விழாவும் சிறைக் கதவும்

மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் இருக்கிறது மேலவளவு. 1994இல் அ.தி.மு.க. அரசு கொண்டுவந்த ஊராட்சிச் சட்டத்தின்படி 1996இல் தி.மு.க. அரசு உள்ளாட்சித் தேர்தல் நடத்தியபோது, இவ்வூரின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. ஒதுக்கீட்டை எதிர்த்தவர்களின் மிரட்டலுக்குப் பயந்து வேட்பாளர்கள் மனுவைத் திரும்பப் பெற்றார்கள். பிறகு வாக்குச்சாவடியில் கலவரம். டிசம்பர் 31 அன்று போலீஸ் காவலோடு நடந்த தேர்தலில் முருகேசன் வென்றார். ஆனால் ஊராட்சி அலுவலகத்தில் போய் உட்கார அவரால் முடியவில்லை.

1997 ஜூன் 30. இந்தத் தகராறில் தீக்கிரையான வீடுகளுக்கு இழப்பீடு கேட்டுக் கலெக்டர் அலுவலகம் போய்விட்டு முருகேசனும் உடன் சென்றவர்களும் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஊரை நெருங்கும்போது பேருந்து மறிக்கப்பட்டது. முருகேசன், துணைத்தலைவர் மூக்கன் உட்பட 6 பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். சேலம் நீதிமன்றம் 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2006இல் உயர் நீதிமன்றமும் 2009இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தன.

ஆனால் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு முன்பே 3 பேர் வெளியே வந்துவிட்டார்கள். அண்ணா நூற்றாண்டையொட்டி 2008இல் தி.மு.க. அரசு ஆயுள் கைதிகளை விடுவித்தபோது நடந்தது அது. 2019 நவம்பரில் மேலும் 13 பேர் வெளியே வந்தார்கள். இந்த முறை எம்.ஜி.ஆர். நூற்றாண்டு, அ.தி.மு.க. அரசு.

அரசியல் சாசனத்தின் 161வது பிரிவு தண்டனைக் குறைப்பு அதிகாரத்தை ஆளுநருக்குத் தருகிறது. நடைமுறையில் அமைச்சரவை சொல்வதே முடிவு. கைதி திருந்தினாரா, பாதிக்கப்பட்ட குடும்பம் என்ன நினைக்கிறது, ஊரில் மறுபடி பகை மூளுமா என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்து எடுக்க வேண்டிய முடிவு இது. இங்கே அதற்கு நாள் குறித்தது கட்சித் தலைவரின் பிறந்தநாள். ஒரே கொலை வழக்கு இரண்டு கட்சிகளின் விழாப் பட்டியலிலும் இடம்பெற்றதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. நீண்டநாள் சிறையிலிருப்பவருக்குக் கருணை காட்டக் கூடாது என்பதல்ல என் வாதம். கணவனை இழந்த பெண்களிடம் அரசு ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

மேலவளவில் அந்த ஆறு பேரின் நினைவிடத்துக்கு ‘விடுதலைக் களம்’ என்று பெயர். ஆண்டுதோறும் ஜூன் 30 அன்று அங்கே கூடுகிறார்கள்.

உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டியிலும் இதே இடஒதுக்கீட்டை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் தேர்தலை முடக்கினார்கள். 2006இல் அங்கே தேர்தல் நடந்தது எப்படி? அடுத்த வாரம்.