கதிர்காமத்து இயந்திரம்

கோயிலுக்குச் செல்வோர் மூர்த்தியின் திருமுகத்தைக் காண விழைந்தே செல்கின்றனர். கல்லிலும் உலோகத்திலும் வடித்த திருவுருவைக் கண்ணாரக் கண்ட பின்னரே அவர்தம் உள்ளம் நிறைவெய்தும். ஆனால் ஈழத்தின் தென்கிழக்கே, மாணிக்க கங்கைக் கரையிலுள்ள கதிர்காமத்தில், நெடுவழி நடந்துவந்த அடியார் காண்பது ஒரு திரைச்சீலையையே. வள்ளி தெய்வயானையரோடு மயில்மீது விளங்கும் முருகன் அதிலே தீட்டப்பெற்றுள்ளான். திரைக்கு அப்பால் செல்லும் உரிமை பூசை புரியும் கப்புறாளைமாருக்கே உண்டு. அங்கே போற்றப்படுவது சிலையன்று. ஓர் இயந்திரம் என்பதே மரபு.

இயந்திரம் என்றதும் ஆலையிலே சுழலும் பொறி நம் நினைவுக்கு வரலாம். வழிபாட்டிலே அச்சொல்லுக்குப் பொருள் வேறு. 'யம்' என்னும் வடமொழி அடி, அடக்குதல், தாங்குதல் எனப் பொருள்படும். தெய்வ ஆற்றலை ஓரிடத்தே நிலைநிறுத்தித் தாங்கும் கோட்டுருவமே இயந்திரம். தமிழில் அதனைச் சக்கரம் என்றும் வழங்குவர். மேல்நோக்கிய முக்கோணம் சிவத்தையும், கீழ்நோக்கிய முக்கோணம் சத்தியையும் குறிக்கும். இவ்விரண்டும் பின்னி நிற்பது அறுகோணம். அதன் ஆறு மூலைகளிலும் சரவணபவ என்னும் ஆறெழுத்தை அமைத்தல் முருக வழிபாட்டு முறை. அம்பிகைக்குரிய ஸ்ரீசக்கரத்திலோ 9 பெரிய முக்கோணங்கள் ஒன்றையொன்று ஊடறுத்து 43 சிறு முக்கோணங்களைத் தோற்றுவிக்கின்றன. அவற்றைச் சூழ 8 இதழும் 16 இதழும் கொண்ட தாமரைகள். அவற்றுக்கும் புறத்தே நாற்புறமும் வாயிலுடைய சதுரம். ஒரு கோடு சிறிது பிறழினும், மூன்று கோடுகள் கூடவேண்டிய புள்ளியில் அவை கூடா. வரைபவனுக்குப் பத்தியோடு கணக்கும் வேண்டும்.

இக்கலை தமிழுக்குப் புதியதன்று. திருமூலர் தமது திருமந்திரத்தின் நான்காந் தந்திரத்திலே திருவம்பலச் சக்கரம், புவனாபதி சக்கரம், நவாக்கரி சக்கரம் முதலியவற்றை விரித்துரைக்கின்றார். கோயில்களிலே மூர்த்தியைப் பிரதிட்டை செய்யும்போது, பீடத்திலே இயந்திரத் தகட்டை வைத்து, அதன்மேல் திருவுருவை நிறுத்தி, அட்டபந்தன மருந்து சார்த்துதல் வழக்கம். ஆகவே நாம் முகங்கண்டு தொழும் மூர்த்தியின் அடியிலே, நாம் காணாத கோடுகள் மறைந்திருக்கின்றன. ஏனைய தலங்களில் மூர்த்திக்கு அடியில் இருப்பது, கதிர்காமத்தில் தானே மூர்த்தியாய் நிற்கின்றது. இதுவே அத்தலத்தின் தனிச்சிறப்பு.

அது அங்கு வந்தது எவ்வாறு? வட இந்தியாவிலிருந்து வந்த கல்யாணகிரி என்னும் முனிவர், முருகனை மீண்டும் பாரதத்துக்கு அழைத்துச் செல்லக் கருதித் தவமியற்றினார் என்றும், வள்ளியம்மையின் வேண்டுகோளுக்கு இணங்கித் தாமும் இங்கேயே தங்கி இயந்திரத்தை அமைத்தார் என்றும் மரபுக்கதை கூறும். இது கன்னபரம்பரைச் செய்தியே. ஆண்டு குறிக்கத்தக்க வரலாறன்று. எனினும் சேர் பொன்னம்பலம் அருணாசலம் முருக வழிபாடு குறித்து எழுதி 1924 இல் வெளிவந்த ஆங்கிலக் கட்டுரையில், இங்குச் சிலை இல்லை என்பதையும், பொற்றகட்டிற் பொறித்த இயந்திரம் ஒரு பேழைக்குள் இருப்பதையும், அப்பேழையே யானைமீது உலாவருவதையும் குறித்துள்ளார்.

காணவொண்ணாத ஒன்றை மக்கள் ஏன் இத்துணைப் பற்றோடு தொழவேண்டும்? திருமுகம் ஒன்று இருப்பின், அதன் அணியும் ஆடையும் எந்நாட்டுச் சிற்பமுறையைச் சார்ந்தவை என்ற வினா எழும். கோட்டுக்கு நாடுமில்லை, மொழியுமில்லை. இத்தலம் யாருக்கு உரியது என்ற வாதங்கள் எழுந்ததுண்டு. அவற்றை மறைத்தல் வரலாறாகாது. ஆயினும் தமிழர் கதிர்காமக் கந்தன் என்றும், சிங்களவர் கதரகம தெய்யோ என்றும் தொழுவது அப்பேழையினுள் உறையும் அருளையே.

ஆடித் திருவிழா இரவுகளிலே, பெருங்கோயிலிலிருந்து வள்ளியம்மை கோயிலை நோக்கி யானை மெல்ல நடக்கின்றது. வீதியின் இருமருங்கும் நிற்போர் பேழைக்குள் இருப்பதைக் கண்டவரல்லர். தமிழர் 'அரோகரா' என்று கைகூப்புகின்றனர். அருகே நிற்கும் சிங்களவர் வாயிலும் அவ்வொலியே எழுகின்றது.