குழந்தைகளின் முழங்கை முறிவு: மதுரை வட்டாரத்தில் கட்டும் கம்பியும்

மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் பிள்ளை மரத்திலிருந்து விழுந்து கை வீங்கினால், பல வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது நாட்டுக் கட்டுதான். முட்டை வெள்ளைக்கரு, உளுந்து மாவு, மூங்கில் தப்பை, துணி ஆகியவற்றால் போடும் கட்டு அது. ஆந்திரத்துப் புத்தூர்க் கட்டின் பெயரைத் தாங்கிய பலகைகளைத் தமிழகத்தில் எங்கும் காணலாம். இதை வெறும் அறியாமை என்று ஒதுக்குவோர், அந்த நம்பிக்கைக்கு அடிப்படை இருப்பதைக் கவனிப்பதில்லை. சிறுவயதில் முன்கை எலும்பு மணிக்கட்டுக்கு அருகே சற்றுக் கோணலாகக் கூடினாலும், அங்குள்ள வளர்தட்டு அதைப் பெரும்பாலும் நிமிர்த்திவிடும். கட்டியவருக்கு நல்ல பெயர் கிடைக்கிறது. அதே நம்பிக்கையுடன் முழங்கையையும் அவரிடம் நீட்டுவதில்தான் ஆபத்து இருக்கிறது.

மேற்கை எலும்பின் நீள வளர்ச்சியில் சுமார் 80 விழுக்காடு தோள்பட்டை முனையிலும் 20 விழுக்காடு மட்டுமே முழங்கை முனையிலும் நிகழ்கிறது. ஆகவே முழங்கைக்கு மேலே பக்கவாட்டில் கோணிக் கூடிய எலும்பு வளர வளரச் சரியாவதில்லை. உட்புறமாகக் கோணிய கை அப்படியே நிலைத்துவிடும். பின்னாளில் எலும்பை வெட்டித்தான் நேராக்க வேண்டும்.

குழந்தைகளின் முழங்கை முறிவுகளில் முதலிடம், முழங்கைக்குச் சற்று மேலே நேரும் சுப்ராகாண்டைலர் முறிவுக்கு. 5 முதல் 7 வயதில் இது மிகுதி. கையை ஊன்றி விழும்போது, முன்னும் பின்னும் குழிகளால் மெலிந்திருக்கும் எலும்புப் பகுதி ஒடிகிறது. துண்டுகள் விலகினால், மேல்துண்டின் கூர்முனை முன்னோக்கித் தள்ளி, மேற்கைத் தமனியையும் நடு நரம்பையும் நெருக்கக்கூடும். 1959-இல் எலும்பு மருத்துவர் கார்ட்லாண்ட் இம்முறிவை மூன்று வகையாகப் பிரித்தார். விலகாத முதல் வகைக்கு மூன்று வார மாவுக்கட்டு போதும். அதற்குக் கம்பி செருகுவது வீண். முற்றிலும் விலகிய மூன்றாம் வகையில், மயக்கம் கொடுத்து, சி-ஆர்ம் என்ற எக்ஸ்ரே கருவியின் திரையில் பார்த்தபடி கையை இழுத்துப் பொருத்தி, தோல் வழியே கே வயர் என்ற மெல்லிய கம்பியைச் செருகுவதே இன்று ஏற்கப்பட்ட முறை. கம்பி மூன்று நான்கு வாரத்தில் எடுக்கப்படும். பெரும்பாலும் தோலைத் திறக்கவே நேராது.

கம்பியை இருபுறமும் செருகுவதா, வெளிப்புறம் மட்டுமா என்ற விவாதம் நெடுநாளாக உண்டு. குறுக்குக் கம்பிகள் உறுதியானவை. ஆனால் உட்புறக் கம்பி, முழங்கையின் அப்பக்கம் ஓடும் அல்நார் நரம்பைத் துளைக்கக்கூடும். கட்டுப் போட்டு நாள் கடந்து, எலும்பு முனை விரலுக்கே தட்டுப்படாத வீக்கத்துடன் வரும் கைகளில், வெளிப்புறத்திலிருந்து விரிந்து செல்லும் இரண்டு மூன்று கம்பிகளையே நான் ஆதரிப்பேன்.

இறுக்கிய கட்டின் விளைவை ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஃபோல்க்மான் 1881-இலேயே விளக்கினார்: இரத்தம் எட்டாத முன்கைத் தசைகள் செத்து நாராகி, விரல்கள் மடங்கிய நிலையில் இறுகிவிடும். நாட்டுக் கட்டை மட்டும் குற்றம் சொல்வது நியாயமன்று. வீங்கிய முழங்கையை முழுக்க மடக்கிச் சுற்றிலும் மாவுக்கட்டுப் போட்டால் மருத்துவமனையிலும் இதே கேடு நேரும். விரலை மெல்ல நீட்டினாலே குழந்தை அலறினால் கட்டை உடனே பிரிக்க வேண்டும். நாடி கிடைக்காவிட்டாலும் கை சூடாகவும் சிவந்தும் இருந்தால், எலும்பைப் பொருத்தியதும் பெரும்பாலும் நாடி திரும்பும். கை வெளுத்துக் குளிர்ந்திருந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து வட்டம் காட்டச் சொன்னால், நடு நரம்பின் நிலை அறுவைக்கு முன்பே தெரிந்துவிடும்.

சுப்ராகாண்டைலர் முறிவைவிட ஏமாற்றுவது முழங்கையின் வெளிப்புறக் குமிழ் முறிவு. வீக்கம் குறைவு, குழந்தை கையை ஓரளவு அசைக்கும், துண்டில் பெரும்பகுதி குருத்தெலும்பு என்பதால் எக்ஸ்ரேயில் ஒரு கீற்று மட்டுமே தெரியும். 2 மில்லிமீட்டருக்கு மேல் விலகியிருந்தால் கம்பி தேவை. விட்டுவிட்டால் துண்டு கூடாமலே நின்று, கை வெளிப்புறமாகச் சாய்ந்து, பல ஆண்டுகள் கழித்து அல்நார் நரம்பு தளர்ந்து விரல்கள் வலுவிழக்கும். பதின்பருவத்தாரில் உட்புற முனை முறிவுக்கு அறுவை எப்போது என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. மூட்டு விலகிச் சேரும்போது துண்டு உள்ளே சிக்கிக்கொண்டால் மட்டும் விவாதத்துக்கு இடமில்லை.

கட்டுப் பிரித்தபின் எண்ணெய் தேய்த்து உருவுவதும் கேடே. தசைக்குள் எலும்பு படிந்து மூட்டு இறுகக்கூடும். விளையாட விட்டால் பிள்ளைகள் தாமாகவே அசைவை மீட்டுக்கொள்வார்கள்.

மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குச் சுற்று மாவட்டங்களிலிருந்தும் குழந்தைகள் வருகிறார்கள். அங்கே கருவியும் கைத்திறனும் உண்டு. நாள் கடந்து வரும் கைக்கு அவை பாதிப்பயனே தரும். எனவே கட்டு வைத்தியர்களை விரட்டுவதைவிட, முழங்கையை மட்டும் கட்டாமல் அனுப்பி வைக்க அவர்களைப் பழக்குவதே பயன் தரும் என்பது என் வாதம். அவர்களின் மூங்கில் தப்பையே வழிப்பயணத்துக்கு உதவும்: கையை இழுக்காமல், முழங்கை லேசாக மடங்கிய நிலையில், தளர்வாக, விரல் நுனிகள் தெரியும்படி தாங்கிக் கட்டினால் போதும். புறப்படும்போது பெற்றோரிடம் இன்னொன்றும் சொல்லியனுப்ப வேண்டும். அழுகிற பிள்ளைக்கு வழியில் இட்லி வாங்கி ஊட்டினால், மயக்க மருந்து கொடுக்க ஆறு மணி நேரம் காத்திருக்க நேரும்.