ஹீமாங்கஸ் வயிற்றுப்புழு

ஹீமாங்கஸ் கன்டார்ட்டஸ், செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் நான்காம் இரைப்பையில் ஒட்டி ரத்தம் குடிக்கும் உருண்டைப்புழு. இரண்டு, மூன்று செ.மீ. நீளமுள்ள பெண்புழுவில், ரத்தம் நிறைந்த சிவப்புக் குடலை வெள்ளைக் கருப்பைக் குழாய் சுற்றிச் செல்லும். செத்த ஆட்டை அறுத்துப் பார்த்தால், இருநிற நூலைத் திரித்ததுபோல் கிடக்கும். ஒரு புழு நாளுக்குச் சுமார் 0.05 மி.லி. ரத்தம் குடிக்கும், ஆயிரம் புழுக்கள் இருந்தால் 50 மி.லி. போய்விடும். குட்டி எத்தனை நாள் தாங்கும்? பெண்புழு நாள்தோறும் 5,000 முட்டைக்குமேல் இடும். மழை ஈரத்தில் அவை ஒரு வாரத்துக்குள் பொரித்து வளர்ந்து, தொற்றும் பருவத்தில் புல்லில் ஏறிவிடும்.

புழு என்றால் கழிச்சல் இருக்கும் என்று காத்திருப்பதே பெரிய தவறு. இந்த நோயில் பெரும்பாலும் புழுக்கை கெட்டியாகவே விழும். ஆடு மந்தைக்குப் பின்தங்கும். தாடைக்கடியில் நீர் கோத்து வீங்கும். கண் இமையின் உட்புறம் வெளுக்கும்.

அந்த வெளுப்பை அளக்கத் தென்னாப்பிரிக்காவில் உருவானது ஃபமாச்சா அட்டை; கால்நடை மருத்துவர் ஃபஃபா மலான் பெயரால் வழங்குகிறது. பகல் வெளிச்சத்தில் ஒரு கட்டைவிரலால் மேல் இமையோடு கண்ணை மெல்ல அழுத்தி, மறு விரலால் கீழ் இமையை இழுத்தால் உட்சவ்வு பிதுங்கும். அதை அட்டையின் ஐந்து நிறங்களோடு ஒப்பிட வேண்டும். ஒன்று நல்ல சிவப்பு, ஐந்து வெள்ளை. நான்குக்கும் ஐந்துக்கும் மருந்து கட்டாயம். குட்டி, சினை ஆடு என்றால் மூன்றுக்கும் கொடுப்பது நல்லது. கல்லீரல் தட்டைப்புழுவும் உண்ணியும்கூட இமையை வெளுக்க வைக்கும் என்பதால், சாணப் பரிசோதனையில் முட்டையை எண்ணிப் பார்ப்பது நல்லது.

அல்பெண்டசோல், லெவாமிசோல், ஐவர்மெக்டின் ஆகியவை வழக்கமான மருந்துகள். கண்மதிப்பில் ஊற்றாமல் எடை போட்டு, நாக்கின் பின்புறத்தில் ஊற்ற வேண்டும். வெள்ளாடு மருந்தை வேகமாக வெளியேற்றிவிடுவதால் செம்மறிக்கான அளவு பல மருந்துகளில் அதற்குப் போதாது. சரியான அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சினையின் முதல் மாதத்தில் அல்பெண்டசோல் கூடாது.

மந்தை முழுவதற்கும் மாதாமாதம் மருந்து ஊற்றுவது அக்கறையாகத் தோன்றும். உண்மையில் அது மருந்தையே கொல்கிறது. 2009இல் நியூசிலாந்தில் அறிமுகமான மோனெபான்டல் என்ற புழு மருந்துக்கு, 2013க்குள் அங்கேயே புழுக்களிடம் எதிர்ப்பு பதிவானது. இமை சிவந்த ஆடுகளை மருந்தின்றி விட்டால், மருந்தைக் காணாத புழுக்களின் முட்டைகள் மேய்ச்சலில் விழுந்து, எதிர்ப்புள்ளவை பெருகாமல் தடுக்கும். மருந்து கொடுத்த ஆடுகளில் 10 முதல் 14 நாளில் மீண்டும் எண்ணும்போது முட்டை 95 சதவீதமாவது குறைந்திருக்க வேண்டும். ஒவ்வொரு பருவத்திலும் திரும்பத் திரும்ப மருந்து கேட்கும் ஆட்டை இனப்பெருக்கத்துக்கு வைக்கக் கூடாது.