கடற்சாமந்தி வளர்ப்பின் வரலாறு

கடற்சாமந்தி, பவளங்களுக்கு உறவான முதுகெலும்பற்ற கடல் விலங்கு. பூவிதழ்கள் போன்ற உணர்கொம்புகளால் இரையைப் பிடித்து உண்ணும். இதை வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் பழக்கம் 19-ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் பரவியது. விலங்கைக் கொண்டுவருவதற்கு முன் நீரைத் தயார் செய்யவேண்டும் என்பதை அன்றைய வளர்ப்பாளர்கள் பல இழப்புகளுக்குப் பிறகே கற்றனர்.

எடின்பரோவின் ‘பாட்டி’

ஸ்காட்லாந்து இயற்கையியலாளர் சர் ஜான் கிரஹாம் டாலியெல் 1828-ல் நார்த் பெரிக் கடற்கரையில் ஒரு சிவப்புக் கடற்சாமந்தியை எடுத்து, எடின்பரோவில் கண்ணாடி ஜாடியில் வளர்த்தார். வடிகட்டியோ காற்றுக்குழாயோ இல்லாத காலம் அது. கடலிலிருந்து நீர் வரவழைத்து அடிக்கடி மாற்றுவதும், அவ்வப்போது சிறிது மட்டிச் சதை கொடுப்பதுமே பராமரிப்பு. 1851-ல் டாலியெல் இறந்தபின் அது பல அறிஞர்களின் கைகளுக்கு மாறியது. 1857-ல் ஒரே இரவில் ஏராளமான குஞ்சுகளை ஈன்றது. ‘பாட்டி’ எனப் பெயர்பெற்ற அது 1887 ஆகஸ்ட் மாதம் இறந்தது. ஜாடியில் மட்டும் 59 ஆண்டுகள் வாழ்ந்திருந்தது.

நீரை மாற்றாமல் வளர்த்தல்

கடலுக்குத் தொலைவில் வாழ்பவர்களால் அடிக்கடி நீர் மாற்ற இயலாது. 1846-ல் டார்க்கீ கடற்கரையிலிருந்து லண்டனுக்குப் பவள உயிரிகளைக் கொண்டுசென்ற அன்னா தின், அவற்றின் நீரை நாள்தோறும் ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு ஊற்றி ஆற்றச் செய்தார். அந்த வேலையைச் செய்தவர் வீட்டுப் பணிப்பெண். மறு ஆண்டு கடற்பாசிகளையும் சேர்த்து, அவ்வுயிரிகளைச் சுமார் மூன்று ஆண்டுகள் காத்தார்.

வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன், நன்னீர்த் தொட்டியில் மீன், நத்தை, நீர்த்தாவரம் மூன்றையும் சமநிலையில் வைத்துப் பேணிய சோதனையை 1850-ல் வெளியிட்டார். தாவரம் வெளிவிடும் ஆக்சிஜன் விலங்குகளுக்கு உதவுகிறது என்பது அதன் அடிப்படை. பின்னர் அவரும் பிலிப் ஹென்றி கோஸும் இம்முறையைக் கடல்நீருக்கும் பயன்படுத்தினர். 1854-ல் கோஸ் உப்புகளைக் கலந்து செயற்கைக் கடல்நீர் தயாரித்தார். அதில் முதலில் பாசிகளை வைத்து, சில நாட்கள் கழித்தே விலங்குகளை விட்டார்.

மோகமும் கடற்கரையும்

1853-ல் லண்டன் ரீஜண்ட்ஸ் பூங்காவின் விலங்குக் காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கான மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு கோஸின் ‘தி அக்வேரியம்’ நூல் வெளிவந்தது. கண்ணாடி வரி 1845-லேயே நீக்கப்பட்டிருந்தது. ரயில் பாதைகள் கடற்கரையை எட்டியிருந்தன. நடுத்தர வர்க்கத்தினர் வாளியும் உளியுமாகப் பாறைக்குட்டைகளுக்குச் சென்றனர். லண்டனில் கடல் உயிரினங்களை விற்கும் கடைகளும் தோன்றின.

ஆயத்தமில்லாத தொட்டிகளில் நீர் கெட்டு விலங்குகள் இறந்தன. மோகம் 1860-களில் தணிந்தது. தந்தையின் நூல்களைப் படித்து வந்தவர்களால் டெவன் கரையின் பாறைக்குட்டைகள் சூறையாடப்பட்டதை கோஸின் மகன் எட்மண்ட் 1907-ல் வெளியிட்ட ‘ஃபாதர் அண்ட் சன்’ நூலில் வருத்தத்துடன் பதிவுசெய்தார். அதைக் கண்டு தந்தையும் வேதனைப்பட்டார் என்கிறார் அவர்.

காத்திருப்பின் காரணம்

புதிய தொட்டி ஏன் ஆபத்தானது என்பதற்கு நுண்ணுயிரியல் விளக்கம் தந்தது. கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியா நச்சுத்தன்மை கொண்டது. சில பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், வேறு சில அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. செர்கேய் வினோகிராட்ஸ்கி 1890-வாக்கில் இவற்றைப் பிரித்தெடுத்தார். இந்தப் பாக்டீரியாக்கள் தொட்டியில் பெருக வாரங்கள் ஆகும். 1961-ல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், உயிரிகள் குடியேறிய பவளப்பாறைத் துண்டுகளையும் சூரிய ஒளியையும் கொண்டு தொட்டிகளைப் பேணும் முறையை எழுதினார். இன்றைய ‘உயிர்ப்பாறை’ முறைக்கு அது முன்னோடி.

இன்று வீடுகளில் பெரும்பாலும் வளர்க்கப்படுபவை வெப்பமண்டல இனங்கள். அவற்றின் உடலுக்குள் வாழும் நுண்பாசிகள் உணவு தருவதால் வலுவான ஒளி தேவை. அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லாத நீர், சுமார் 25 பாகை செல்சியஸ் வெப்பம், மாறாத உப்பளவு ஆகியவையும் தேவை. கடற்சாமந்தி இடம்விட்டு நகரும் என்பதால் மோட்டாரின் உறிஞ்சுவாயை வலையால் மூடவேண்டும். தொட்டி அமைத்து ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை பொறுத்திருக்குமாறு அனுபவமிக்க வளர்ப்பாளர்கள் கூறுகின்றனர். சில இனங்கள் தொட்டியிலேயே இரண்டாகப் பிளந்து பெருகுகின்றன. அவ்வாறு பெருகியவற்றை வாங்கினால் கடலிலிருந்து எடுக்கவேண்டிய தேவை குறைகிறது.