எங்கே துளை போடுவது?

ஒரு சின்ன விளையாட்டு. கூகுளைத் திறந்து 'நெய்வேலி' என்று மட்டும் அடித்து என்டரைத் தட்டுங்கள். ஊர் வரைபடம் வரும். என்.எல்.சி.யின் இணையதளம் வரும். வேலைவாய்ப்புச் செய்திகள் வரும். இன்றைக்கு அங்கே வெயிலா மழையா என்றுகூட வரும்.

எல்லாம் சரிதான். ஆனால் உங்கள் தாத்தா அங்கே நாலு காணி நிலம் வைத்திருந்தவர், சுரங்கத்துக்காக அதைக் கொடுத்துவிட்டு ஊர் மாறியவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிலம் எந்த வருஷம் எடுக்கப்பட்டது, அரசாங்கம் என்ன அறிவிப்பு போட்டது என்று உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். இப்போது அந்த முதல் பக்கத்தால் காலணா பிரயோஜனம் உண்டா?

கிடையாது. தப்பு முழுக்க கூகுள் மேல் இல்லை. நாம் கேட்ட விதம் அப்படி.

எப்படிக் கேட்டிருக்க வேண்டும்? அதற்கு முதலில் நெய்வேலியின் கதையைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும்.

1930களில் அந்தப் பகுதியில் பெரிய நிலக்கிழார் ஜம்புலிங்க முதலியார். தன் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டார். தண்ணீரோடு கறுப்பும் பழுப்புமாக ஏதோ ஒன்றும் மேலே வந்தது. வேறொருவராக இருந்தால் 'சனியன், தண்ணி கெட்டுப்போச்சே' என்று வரப்போரம் கொட்டியிருப்பார். இவர் அப்படி விடவில்லை. இது என்ன என்று கேட்டு, அரசாங்கத்தின் காதில் போட்டார். 1940களில் நிபுணர்கள் வந்து துளை மேல் துளையாகப் போட்டுப் பார்த்தார்கள். பழுப்பு நிலக்கரி. அதுவும் கொஞ்சநஞ்சமல்ல.

1956 நவம்பர் 14ல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பதிவானது. 1957 மே 20ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். கரி கண்ணில் பட்டது 1961ல்தான். அதுவரை அள்ளியதெல்லாம் மேல்மண். 1962ல் முதல் மின்சாரம். சோவியத் ரஷ்யா உதவியோடு கட்டிய அந்த முதல் அனல் மின் நிலையம் வளர்ந்து 600 மெகாவாட் ஆனது. ஐம்பது வருஷத்துக்கு மேல் ஓடி, 2020ல் ஓய்வு பெற்றது.

இந்த வருஷங்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 1957ல் 'தமிழ்நாடு' என்ற பெயர் மாநிலத்துக்கு இல்லை. 1969 ஜனவரி வரை நாம் மெட்ராஸ் ஸ்டேட். 'கடலூர் மாவட்டம்' என்றும் ஒன்று இல்லை. 1993ல் பிரியும்வரை எல்லாம் தென்னார்க்காடு. 'என்.எல்.சி. இந்தியா' என்ற பெயரே 2016ல் வந்தது.

இப்போது புரிகிறதா சங்கதி? 1957ல் ஒரு குமாஸ்தா டைப்ரைட்டர் முன் உட்கார்ந்து நில அறிவிப்பை அடிக்கிறார். அவர் அடித்தது 'சவுத் ஆர்க்காட் டிஸ்ட்ரிக்ட், விருத்தாசலம் தாலுகா'. நீங்கள் இன்று தேடுவது 'கடலூர் மாவட்டம், தமிழ்நாடு'. ரெண்டு பேரும் ஒரே இடத்தைத்தான் சொல்கிறீர்கள். ஆனால் சந்திக்கவே மாட்டீர்கள்.

ஏன் என்று கேட்டால், பதில் ஒரு மளிகைக்கடையில் இருக்கிறது. காமர்ஸ் படித்தவன் என்பதால் எனக்குத் தோன்றும் உதாரணம் இதுதான். அன்றாட வரவு செலவைத் தேதிவாரியாகக் குறிப்பேட்டில் எழுதுவார்கள். 'முருகேசன் எவ்வளவு பாக்கி?' என்று முதலாளி கேட்டால், குறிப்பேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டிக்கொண்டிருக்க முடியாது. அதற்காகத்தான் பேரேடு. முருகேசனுக்கு என்று ஒரு பக்கம், அதில் அவன் சம்பந்தப்பட்ட எல்லாம்.

தேடுபொறி செய்வதும் இதே வேலைதான். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பக்கம் திறந்து, அந்தச் சொல் எந்தெந்த இணையப் பக்கங்களில் வருகிறது என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்கிறது. அந்தப் பதிவுகளுக்குக் கம்ப்யூட்டர்காரர்கள் வைத்திருக்கும் பெயரும் நம் கணக்குப்பிள்ளைகள் சொல்லும் அதே 'போஸ்டிங்'தான்! நீங்கள் கேட்கும்போது கூகுள் உலகமெல்லாம் ஓடித் தேடுவதில்லை. தன் பேரேட்டைத்தான் புரட்டுகிறது.

இந்தப் பேரேடு ஒரே நாளில் வரவில்லை. 1990ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆலன் எம்டேஜ் உருவாக்கிய 'ஆர்ச்சி'க்கு ஃபைல்களின் பெயர் மட்டும்தான் தெரியும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. 1994ல் ஜெரி யாங், டேவிட் ஃபைலோ என்ற இரண்டு மாணவர்கள் தொடங்கிய யாஹூவில் மனிதர்களே உட்கார்ந்து தளங்களை வகை பிரித்தார்கள். 1995 டிசம்பரில் வந்த ஆல்டாவிஸ்டா, பக்கத்தில் இருக்கும் சொற்களையெல்லாம் பேரேட்டில் ஏற்றியது. விளைவு? எதைக் கேட்டாலும் ஆயிரக்கணக்கில் கொட்டியது. எதை முதலில் படிப்பது?

1998ல் லாரி பேஜும் செர்கே பிரின்னும் தொடங்கிய கூகுள் இதற்கு ஒரு வழி சொன்னது. ஒரு பக்கத்தை வேறு எத்தனை பக்கங்கள் கைகாட்டுகின்றன, அப்படிக் கைகாட்டுபவை எவ்வளவு முக்கியமானவை என்று பார். நாலு பெரிய மனிதர்கள் சிபாரிசு செய்தால் முன்வரிசை.

பிரமாதமான யோசனைதான். ஆனால் 1957ம் வருஷத்து நில அறிவிப்புக்கு யார் சிபாரிசு செய்வார்கள்? அது அடியில்தான் கிடக்கும். நெய்வேலி மாதிரியேதான். மேலே மண், கீழே கரி.

மேல்மண்ணை விலக்க ஒரு வழி உண்டு. 1972ல் கேம்பிரிட்ஜில் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற பெண்மணி அதன் அடிப்படையை எழுதிவைத்தார். எல்லாப் பக்கங்களிலும் வரும் சொல்லுக்கு மதிப்பு குறைவு. அபூர்வமாக வரும் சொல்லுக்கு மதிப்பு அதிகம். 'நிலம்', 'வரலாறு', 'தகவல்' எல்லாம் சல்லிக்காசு. 'ஜம்புலிங்க முதலியார்' என்பது தங்கக்காசு.

இதை வைத்துக்கொண்டு மறுபடி துளை போடுவோம். 'நெய்வேலி'யோடு தென்னார்க்காட்டைச் சேருங்கள். ஆங்கிலத்தில் 'சவுத் ஆர்க்காட்' என்பதை இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். அப்போதுதான் இரண்டு சொல்லும் சேர்ந்தே வரும். இல்லாவிட்டால் தென்னாப்பிரிக்கா, தென்கொரியா எல்லாம் வந்து நிற்கும். வேலைவாய்ப்புச் செய்திகள் தொல்லை கொடுத்தால், அந்தச் சொல்லுக்கு முன்னால் இடைவெளி இல்லாமல் ஒரு கழித்தல் குறி. ஒரே தளத்துக்குள் மட்டும் தேட வேண்டுமா? ஆங்கிலத்தில் 'சைட்' என்று அடித்து, ஒரு முக்காற்புள்ளி வைத்து, ஒட்டினாற்போல் அந்தத் தளத்தின் முகவரி. நாடாளுமன்றத்தின் மின் நூலகத்தில் 1950களின் விவாதங்கள் இருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின் நூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் இருக்கின்றன.

எழுத்துக்கூட்டலிலும் கவனம் தேவை. விருத்தாசலத்தை ஆங்கிலத்தில் 'வ்ரி' என்று தொடங்கி எழுதியவர்கள் உண்டு, 'விரு' என்று தொடங்கியவர்களும் உண்டு. இரண்டையும் போட்டுப் பாருங்கள். அந்தக் காலத்தில் சென்னை அரசிதழுக்குப் பெயர் 'ஃபோர்ட் செயின்ட் ஜார்ஜ் கெஜட்'. 'தமிழ்நாடு அரசிதழ்' என்று தேடினால் அது எப்படி அகப்படும்?

தமிழில் தேடும்போது இன்னொரு சிக்கல். 'பழுப்பு நிலக்கரி' என்று எழுதுகிறவர் உண்டு. சேர்த்து எழுதுகிறவர் உண்டு. 'லிக்னைட்' என்கிறவரும் உண்டு. அதுபோக, இணையம் வந்த புதிதில் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தார்கள். ஒருவருடைய 'க' இன்னொருவருக்கு வேறு எழுத்து. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தது, தேடுபொறிக்கு அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். 1999ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு இதற்கு ஒரு ஒழுங்கு கொண்டுவர முயன்றது. யூனிகோட் பரவிய பிறகுதான் தமிழ்ப் பக்கங்கள் நன்றாகத் தேடலுக்குள் வந்தன. மாற்றப்படாத பழைய பக்கங்கள் எத்தனையோ புதைந்தே கிடக்கின்றன.

'இப்போதுதான் ஏ.ஐ. வந்துவிட்டதே, எப்படிக் கேட்டாலும் புரிந்துகொள்ளுமே!' என்பீர்கள். ஓரளவுக்கு உண்மைதான். இணைச்சொற்களைத் தானாகவே யூகிக்கிறது. மேலேயே சுருக்கமாக ஒரு பதிலும் எழுதித் தருகிறது. ஆனால் அந்தச் சுருக்கத்தில் ஒரு வருஷம் மாறிப்போனாலும் உங்கள் தாத்தாவின் நிலம் கைநழுவும். பக்கத்தில் இருக்கும் சுட்டியைத் திறந்து மூலத்தைப் படித்துவிட்டு நம்புங்கள்.

நெய்வேலியில் நிலம் என்பது பழங்கதையும் இல்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயலில் கால்வாய் வெட்ட எந்திரங்கள் இறங்கின. விவகாரம் உயர் நீதிமன்றம்வரை போனது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரு பழைய காகிதம் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருப்பது பொழுதுபோக்கு விஷயமல்ல.

முதலியார் தேடியது தண்ணீர். கிடைத்தது கரி. நீங்களும் முதல் தேடலில் கேட்டது வரவில்லை என்று உடனே மூடிவிடாதீர்கள். வந்த பக்கத்தில் உங்களுக்குத் தெரியாத ஒரு கிராமப் பெயர், ஒரு அதிகாரியின் பதவிப்பெயர், ஒரு அரசாணை எண் இருக்கிறதா பாருங்கள். அதுதான் அடுத்த துளை. ஸ்கேன் ஆகாத காகிதம் இணையத்தில் கிடைக்காது. ஆனால் அரசிதழின் தேதி கிடைத்துவிட்டால் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் போய்க் கேட்க உங்கள் கையில் ஒரு துப்பு இருக்கும்.

சரி, முதல் சொல்லுக்கு எங்கே போவது? கம்ப்யூட்டரை மூடிவிட்டு, வீட்டுப் பரணில் இருக்கும் தகரப் பெட்டியைத் திறங்கள். பழைய பத்திரம் ஏதாவது இருந்தால் அதில் கிராமம், தாலுகா, சர்வே எண் எல்லாம் எழுதியவர் எழுதியபடியே இருக்கும். பத்திரம் இல்லையா? பாட்டியிடம் போய், 'அந்த ஊருக்கு அப்போ என்ன பேர் பாட்டி?' என்று கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொண்டு வந்து, பிறகு கூகுளைத் திறங்கள்.