அஞ்சுக்கு மூணுன்னா பாஸ் இல்லீங்க

நமக்குப் பனின்னா மார்கழிக் காலையில புல் நுனியில நிக்கிறது. ஸ்விட்சர்லாந்து மலைக் கிராமங்களுக்கு அது ஊரையே மூடுற விஷயம். பனிச்சரிவைக் கணிக்க இவங்க கத்துக்கிட்ட கதையைச் சுருக்கமா சொல்றேன்.

1936-ல் டாவோஸ் ஊருக்கு மேலே வைஸ்ஃப்ளூயோக்கில், 2,600 மீட்டருக்கும் மேலான உயரத்தில், ஒரு குடிசையில் சில விஞ்ஞானிகள் பனியை வெட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். பனி ஒரே கட்டி இல்லை, அடுக்கடுக்காக இருக்கிறது. மேலே கடுங்குளிர், கீழே அவ்வளவு குளிராத தரை. இந்த வித்தியாசத்தில் அடியில் இருக்கும் பனி சர்க்கரை மாதிரி பிடிப்பில்லாமல் போகும். அதன்மேல் புதுப்பனி விழுந்து, காற்றும் வாரிக் கொட்டினால், ஒரு ஆள் பாரமே போதும்! பேடர், ஹேஃபெலி முதலானோர் இதை 1939-ல் புத்தகமாகவே போட்டார்கள். போர்க்காலத்தில் ராணுவம் பார்த்துக்கொண்ட பனிச்சரிவு எச்சரிக்கை வேலை 1945-ல் டாவோஸ் ஆய்வகத்திடம் வந்தது.

1950-51 குளிர்காலத்தில் ஸ்விட்சர்லாந்தில் 98 பேர் பனிச்சரிவில் இறந்தார்கள். அதன்பிறகுதான் சரிவுகளில் தடுப்பு வேலிகளும், எங்கே வீடு கட்டலாம் என்று சொல்லும் அபாய வரைபடங்களும் பெருகின. 1999 பிப்ரவரியில் மறுபடி அதே மாதிரி கொட்டியபோது இறந்தவர்கள் 17. ஆனா அதே மாசம் எல்லைக்கு அந்தப் பக்கம், ஆஸ்திரியாவின் கால்டூரில் 31 பேர் போனதையும் சேர்த்துத்தான் சொல்லணும்.

வீட்டுக்குள்ள இருந்தவங்களை இப்படிக் காப்பாத்திய அறிவியல், பனிச்சறுக்குக் கட்டையோட தானே மலையேறிப் போறவங்ககிட்டதான் திணறுது. 1993-ல் ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து 5 படி அபாய அளவுகோலை ஒத்துக்கொண்டன. இங்கே கூடப் படிக்கிற பசங்க "இன்னிக்கு மூணுதானே, நடுவுலதானே இருக்கு"ம்பாங்க. அங்கதான் வில்லங்கமே! ஸ்விட்சர்லாந்தில் பனிச்சரிவுச் சாவுகளில் ஏறக்குறைய பாதி அந்த மூணாம் படியில்தான் நடக்குது. நாலு, அஞ்சுன்னா பெரும்பாலானவங்க வீட்டுல இருந்துடுவாங்க. மூணுல வெயிலடிக்கும், புதுப்பனி மின்னும், கால் நிக்காது. மாட்டிக்கிறவங்கள்ல பத்துல ஒன்பது பேருக்கு, சரிவைக் கிளப்பிவிட்டதே அவங்களோ கூட வந்தவங்களோதான்.

வெர்னர் முன்ட்டர் என்ற மலை வழிகாட்டி 1990-களில் இதுக்கு ஒரு எளிய கணக்கு கொடுத்தார். படி 2-ன்னா 40 டிகிரிக்குக் குறைவான சரிவு, 3-ன்னா 35-க்குக் கீழே, 4-ன்னா 30-க்குக் கீழே. பனியை உங்களால முழுசா படிக்க முடியாது, சரிவோட கோணத்தை அளக்க முடியும், அவ்வளவுதான்.

அறிக்கையில வர்ற எண் ஒரு வட்டாரத்துக்கே பொதுவானது மக்களே. நீங்க கால் வைக்கப்போற சரிவைப் பத்தி அதுக்குத் தெரியாது. அதை நீங்கதான் பாக்கணும்.