முதலும் கூலியும்



சில ஆண்டுகளுக்கு முன் ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். "சார், 'கூலி' என்பது தமிழ்ச் சொல்தானா?" ஆம் என்றேன். "அப்படியென்றால், நம்மை இழிவாகப் பேசுகிறவர்களுக்கு அந்தச் சொல்லை நாம்தானே கொடுத்திருக்கிறோம்?" என்றான். பட்டணத்துக் கடைத்தெருவில் யாரோ அவனை அப்படி அழைத்திருக்கிறார்கள். நான் பதில் சொல்லத் தொடங்குமுன் மணி அடித்துவிட்டது. அன்று சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

பதிலுக்கு நூலகம் தேடிப் போக வேண்டியதில்லை. நம் வாயில் தினமும் புழங்கும் சொற்களையே கொஞ்சம் தோண்டிப் பார்த்தால் போதும். கிணறு தோண்டும்போது மேலே ஒரு மண்ணும், அடியில் வேறு மண்ணும், அதற்கும் அடியில் ஊற்றும் கிடைப்பது போல, சொற்களிலும் பல அடுக்குகள் உண்டு.

மேலே உள்ள அடுக்கு தோட்டத்து அடுக்கு. விடியுமுன் தொழிலாளர்கள் வரிசையில் நின்று பெயர் கொடுத்ததைப் 'பெரட்டு' என்றோம். இது படைவீரர்களின் அணிவகுப்பைக் குறிக்கும் 'பரேட்' என்னும் ஆங்கிலச் சொல். நாம் குடியிருந்த 'லயம்', இசையில் வரும் லயம் அன்று. படைமுகாமில் சிப்பாய்கள் தங்கும் வரிசை வீடுகளுக்கு 'லைன்ஸ்' என்று பெயர். அதுவே நம் வாயில் லயமாயிற்று. இரண்டுமே பட்டாளத்துச் சொற்கள். தோட்டம் எந்த ஒழுங்கில் நடத்தப்பட்டது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

கணக்கு எழுதிய 'கிராணி' இந்துஸ்தானி மொழியிலிருந்து வந்தவர். மலாயில் அவர் 'கெரானி'. வேலை வாங்கிய 'மண்டோர்', கட்டளையிடுபவர் என்னும் பொருளுடைய போர்த்துகீசியச் சொல்லின் வழியாக வந்தவர். 'கங்காணி' மட்டும் நம்மவர். கண்காணிப்பவர் கண்காணி, அது பேச்சில் கங்காணி ஆயிற்று. சொந்த ஊருக்குப் போய் உற்றார் உறவினரையும் ஊராரையும் அழைத்து வந்தவர் அவரே. 1938-ஆம் ஆண்டில், தோட்ட வேலைக்கு ஆள் சேர்த்து மலாயாவுக்கு அனுப்புவதை அன்றைய இந்திய அரசாங்கம் தடை செய்தது. அதோடு அந்தப் பயணமும் நின்றது. இன்று பல லயங்கள் இடிந்துவிட்டன. பல தோட்டங்கள் வீடமைப்பு நிலமாகிவிட்டன. ஆனால் சொற்கள் அழியவில்லை.

இன்னும் கொஞ்சம் ஆழமாகத் தோண்டுவோம். 1511-ஆம் ஆண்டில் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்தனர். அதே காலத்தில் இந்தியக் கரையோரத்திலும் அவர்கள் காலூன்றியிருந்தார்கள். அலமாரி, ஜன்னல், மேசை, சாவி ஆகிய நான்கும் அவர்கள் மொழியிலிருந்து தமிழுக்கு வந்தவை. மலாயில் இவற்றில் மூன்று, 'அல்மாரி', 'ஜெண்டேலா', 'மேஜா' என்று வழங்குகின்றன. நம் பிள்ளையும் பக்கத்து வீட்டு மலாய்ப் பிள்ளையும் ஒரே பொருளை ஏறத்தாழ ஒரே பெயரால் அழைப்பதற்குக் காரணம், இருவரின் முன்னோரும் ஒரே கப்பற்காரர்களிடம் கடன் வாங்கியதுதான்.

கப்பல் என்றதும் மூன்றாவது அடுக்குக்கு வந்துவிட்டோம். மலாயில் கப்பலுக்கு என்ன பெயர்? 'காப்பால்'. கடைக்கு 'கெடாய்'. கட்டிலுக்கு 'காத்தில்'. பெட்டிக்கு 'பெத்தி'. குளத்துக்கு 'கோலாம்'. மீசைக்கு 'மீசாய்'. இவையெல்லாம் தமிழிலிருந்து மலாய்க்குப் போனவை. இவற்றை எடுத்துச் சென்றவர்கள் யார்? கப்பல், கடை, பெட்டி என்று சொற்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். விடை தானே வரும். வாணிகர்கள்! சுமத்திராத் தீவின் பாருஸ் பகுதியில் தமிழ் வணிகர் குழு ஒன்று பொறித்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அதன் காலம் 1088-ஆம் ஆண்டு. ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தது 1877-இல். அதற்கு ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கடற்பரப்பில் தமிழ் எழுதப்பட்டிருக்கிறது.

மலாயில் தொழில் செய்யப் போடும் மூலதனத்துக்கு 'மோடால்' என்று பெயர். அது வேறொன்றுமில்லை, நம் 'முதல்'தான். இன்றும் வங்கியில் கடன் கேட்கப் போகும் மலேசியர் எவரும் இந்தத் தமிழ்ச் சொல்லைச் சொல்லாமல் இருக்க முடியாது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ஒலி ஒத்திருப்பதால் மட்டும் ஒரு சொல்லை நம்முடையது என்று உரிமை கொண்டாடக் கூடாது. ரொக்கப் பணத்தைக் குறிக்கும் ஆங்கிலக் 'கேஷ்' நம் 'காசு' என்று பலர் சொல்வதுண்டு. அது பணப்பெட்டியைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல்லிலிருந்து வந்தது. ஆனால், கிழக்கு நாடுகளில் புழங்கிய சில்லறை நாணயத்துக்கு ஆங்கிலேயர் வைத்த 'கேஷ்' என்னும் பெயர் மட்டும் நம் காசிலிருந்து பிறந்தது. இரண்டும் வெவ்வேறு சொற்கள். ஒலி மட்டுமே ஒன்று.

நாணயத்தைப் பற்றி இன்னொன்று. 'ரிங்கிட்' என்றால் மலாயில் பல் பல்லாக வெட்டிய விளிம்பு என்று பொருள். முன்னாளில் இங்கே புழங்கிய ஸ்பானிய வெள்ளி நாணயத்தின் விளிம்பு அப்படி இருந்தது. 1975-இல் அதுவே நாட்டுப் பணத்தின் அதிகாரப் பெயராயிற்று. நாமோ இன்றும் 'பத்து வெள்ளி' என்கிறோம். அவர்கள் நாணயத்தின் விளிம்பைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். நாம் அதன் உலோகத்தைப் பார்த்தோம்.

இப்போது அந்த மாணவனின் கேள்விக்கு வருவோம். தமிழில் கூலி என்பது ஆளின் பெயரன்று. செய்த வேலைக்குச் சேர வேண்டிய ஊதியத்தின் பெயர். உடலை வருத்தி முயன்றவனுக்கு அதற்குரிய பயன் கிடைத்தே தீரும் என்று கூறும் 619-ஆம் குறளில், அந்தப் பயனைக் குறிக்க வள்ளுவர் எடுத்தாண்ட சொல் கூலி. இழிவான சொல்லாக இருந்தால் அதற்கு அங்கே இடம் கிடைத்திருக்குமா?

பிறகு என்ன நடந்தது? போர்த்துகீசியரும் ஆங்கிலேயரும் கூலி வாங்குபவரையே கூலி என்று அழைக்கத் தொடங்கினார்கள். குசராத்திலுள்ள கோலி என்னும் மக்களின் பெயரும் இதில் கலந்திருக்கலாம் என்று கருதும் அறிஞர்களும் உண்டு. 1833-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் வந்தது. அதன் பின் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஆட்களைக் கப்பலேற்றியபோது, இந்தச் சொல் கடல்தோறும் பரவியது. சீனர் இதைத் தம் எழுத்தில் எழுத இரண்டு எழுத்துகளைத் தேர்ந்தார்கள். ஒன்றின் பொருள் கசப்பு. மற்றதன் பொருள் வலிமை. ஒலியும் பொருந்தியது, பொருளும் பொருந்திவிட்டது. மலாயிலும் 'கூலி' என்றால் ஆள்தான். ஊதியத்துக்கு வேறு சொல் இருக்கிறது.

ஆக, மாற்றாரின் நாவில் கூலி என்ற சொல்லிலிருந்து ஊதியம் கழன்று போயிற்று. மிஞ்சியது மனிதன் மட்டுமே. வாங்குபவனுக்கு உரிய பங்கைச் சொன்ன சொல், அவனையே விலைப்பொருளாகக் காட்டும் சொல்லாகிவிட்டது. இதில் வெட்கப்பட வேண்டியவர்கள் அந்தச் சொல்லைத் திருப்பிப் போட்டவர்களே. கூலியை வியர்வை சிந்திப் பெற்றவர்கள் அல்லர்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை இப்படி ஒரு கேள்வியோடு வீட்டுக்கு வந்தால், "பேசாமல் இரு" என்று அடக்கிவிடாதீர்கள். மலாய் மொழிக்கு முதலைக் கொடுத்ததும் தமிழ், கூலியைக் கொடுத்ததும் தமிழ் என்று சொல்லுங்கள். ஒன்று வாணிகம் செய்த கையின் சொல். மற்றது உழைத்த கையின் சொல். இந்த நாட்டை உருவாக்க இரண்டும் தேவைப்பட்டன. இரண்டையும் நிமிர்ந்து நின்று சொல்ல நமக்கு உரிமை உண்டு.